தூக்கத்தில் உதைக்கிற கால்

கல்யாணமாகி வீட்டுக்குள் வந்த கொஞ்ச நாளிலேயே என் மேல் புகார் கிளம்பிவிட்டது. சமையலில் குறை சொல்ல முடியாது, அது எனக்கு நன்றாகவே வரும். வாய் கொஞ்சம் நீளம்தான், அதையும் சொந்தக்காரப் பெண் என்று பொறுத்துக்கொண்டார்கள். புகார் என் வலது காலைப் பற்றியது. தூக்கத்தில் நான் புருஷனை உதைக்கிறேனாம்.

புகார் கொடுத்தவர் சாட்சாத் என் புருஷனேதான். அத்தை மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன், கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. திருத்தணி மலையடிவாரத்தில் துண்டும் வேட்டியும் விற்கிற கடை வைத்திருந்தார். மலையில் மொட்டை போட்டவர்கள் தலையைத் துவட்டத் துண்டு வாங்கித்தானே ஆகவேண்டும், அதனால் வியாபாரத்துக்குக் குறைவில்லை. குட்டையான கழுத்து, பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய மனசு. காலையில் எழுந்ததும் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே சமையல்கட்டு வாசலில் வந்து நின்று தன் அம்மாவிடம் ஒப்பிப்பார்.

"நேத்தும் உதைச்சாம்மா. கழுதை கூட இப்டி உதைக்காது."

நான் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொல்வேன், "நான் தூங்கிகினு இருந்தேன் அத்தே. எனக்கு ஒண்ணும் தெரியாது."

சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. படுத்தால் காலையில்தான் கண் திறப்பேன். நடுவில் என் கால் எங்கே போகிறது, யாரைப் பார்த்துவிட்டு வருகிறது என்றெல்லாம் நான் கேட்டுக்கொண்டதில்லை.

என் பக்கத்தில் ஒரு பதில் புகார் இருந்தது. பாவா குறட்டை விடுவார். சாதாரணக் குறட்டை இல்லை. மணவூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிய ஒரு சொந்தக்காரர், பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். அங்கேயும் கேட்கிறது என்று விடிந்ததும் முதல் ரயிலைப் பிடித்தார். ஆனால் அந்த வீட்டில் குறட்டை என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. பாவா விடுவதாகவே ஒப்புக்கொள்ள மாட்டார். "நானா? நான் கண்ணை மூடிகினு சும்மா படுத்துகினு இருந்தேன்" என்பார். அத்தை அதற்கு மேலே. "அது தூக்கத்துல மூச்சு நல்லா வாங்குறான், ஒடம்பு அப்டி" என்பாள். என் கால் மட்டும் தெருவுக்கே தெரியும், அவர் தொண்டை வீட்டு ரகசியம். இந்த நியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

குறட்டை எனக்குத் தொந்தரவாகவும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் பிறந்தது அம்மையார்குப்பத்தில். வீட்டுக்குள்ளேயே விசைத்தறி. முன்கூடத்தில் தறி தடதடவென்று ஓடும், பின்னால் ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் நாங்கள் தூங்குவோம். அந்தச் சத்தம்தான் எங்களுக்குத் தாலாட்டு. சத்தம் நின்றால்தான் தூக்கம் கெடும், ஏனென்றால் ஊடை நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். ராத்தறி ஓட்டுகிற நைனா ஸ்டூலில் உட்கார்ந்தபடி கண் அசந்திருப்பார். யாராவது எழுந்து போய் அவரை எழுப்ப வேண்டும். அந்த யாராவது நானாக இருப்பதில் எனக்கு இஷ்டம் கிடையாது. பக்கத்தில் படுத்திருக்கிற தங்கச்சி எழுந்து போவாள். அவள் எப்படி எழுந்தாள் என்று நான் யோசித்ததும் இல்லை.

அத்தை என் காலுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினாள். முதலில் விபூதி. பிறகு கணுக்காலில் கறுப்புக் கயிறு. எதற்கும் மசியவில்லை என்றதும் மலைக்கு அழைத்துப் போனாள். படியோரத்தில் தட்டில் பரப்பி வைத்து உரு விற்பார்கள், கண், கை, கால், வயிறு என்று வெள்ளித் தகட்டில் அடித்தது. எந்த இடத்தில் நோவோ அந்த உருவை வாங்கி உண்டியலில் போட்டால் முருகன் பார்த்துக்கொள்வான். அத்தை கால் கேட்டாள்.

"யாருக்கும்மா கால் வலி?" என்றார் கடைக்காரர்.

"கால் இவளுது. வலி என் புள்ளைக்கு."

கடைக்காரர் குழம்பிப் போனார். "அப்போ வலி எங்க கீது?"

"இடுப்புல."

"அப்போ இடுப்பு உருதான் போடணும்."

"இடுப்பு இன்னா பண்ணுச்சு? தப்பு பண்றது கால்தானே" என்று அத்தை அடித்துச் சொன்னாள். தகட்டில் அடித்தது வலது காலா இடது காலா என்று அடுத்த விசாரணை ஆரம்பமானது. பின்னால் நின்ற காவடிக்காரர்கள் வரை அதில் கலந்துகொண்டார்கள். கடைசியில் என் கால் வெள்ளியில் உண்டியலுக்குள் விழுந்தது. முருகன் அதை வைத்துக்கொண்டு என்ன நினைத்தானோ தெரியவில்லை.

வேண்டுதல் பலிக்கும் வரை நான் அத்தையுடன் உள் அறையில் படுக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு மாதம் படுத்தேன். அத்தையை என் கால் தொடக்கூட இல்லை. முருகன் கேட்டுவிட்டான் என்று அத்தை தெருவெல்லாம் சொல்லி முடிக்கவும், நான் பாவா பக்கத்துப் பாய்க்குத் திரும்பவும் சரியாக இருந்தது. அன்றைக்கே மறுபடி உதை. அதிலிருந்து அத்தை எடுத்த முடிவு ஒன்றுதான். "என்னை உதைக்கல. எம்புள்ளையத் தேடிப் புடிச்சு உதைக்கிறா."

அந்த ஒரு மாதத்தில் பாவா காலையில் தலைவலியோடு எழுந்ததும், கடையில் வேட்டி மடித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கி வழிந்ததும், வாடிக்கையாளர்கள் மேல் எரிந்து விழுந்ததும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வெயில் காலம், சூடு என்று சொல்லி நீர்மோர் கொடுத்தோம்.

பல வருஷம் இப்படியே ஓடியது. எண்பதுகளின் நடுவில் பாவாவுக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் முன்கூட்டியே வந்து வரிசையாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, பீடி சிகரெட் உண்டா.

"தூக்கம் எப்படி?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார் பாவா.

"குறட்டை?"

பாவா அவமானப்பட்டவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் எங்க குடும்பத்துலயே கிடையாதுங்க."

அத்தை தலையை ஆட்டினாள். நான் வாயைத் திறந்தேன், அத்தை என் முழங்கையைக் கிள்ளினாள். அவள் பயம் வேறு. குறட்டையில் ஆரம்பித்தால் பேச்சு தூக்கத்துக்குப் போகும், தூக்கத்திலிருந்து என் காலுக்கு வரும், பட்டணத்து டாக்டர் எதிரில் குடும்ப மானம் கப்பலேறும். குறட்டை போய் ஒரு வியாதியா என்று நானும் விட்டுவிட்டேன். இன்றைக்கு அதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர் சொல்லி, முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷினே கொடுக்கிறார்கள். அன்றைக்குக் குறட்டை என்றால் சிரிப்பு, அவ்வளவுதான்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. கெட்டது அதற்குப் பிறகுதான். வலிக்கு ஊசி போட்டுத் தூங்க வைத்திருக்கிறார்கள். மல்லாக்கப் படுத்தவர் தூக்கத்தில் மூச்சு நின்று, உதடு நீலம் பாய்ந்து, அவசரமாகத் தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் போட்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலையில்தான் எங்களுக்குச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மனிதர் வாயில் குழாயோடு, புஸ்ஸு புஸ்ஸு என்று மெஷின் சொன்ன தாளத்துக்கு நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நன்றாக விழித்துக்கொண்டார் என்று குழாயை எடுத்தார்கள். எடுத்ததும் கரகரத்த குரலில் காபி கேட்டாராம். நர்ஸ் வந்து சொன்னதும் அத்தை அங்கேயே திருத்தணி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். மத்தியானம் அவர் கண் அயர்ந்தார். கண்ணாடிக் கதவைத் தாண்டிக் குறட்டை கேட்டது. அத்தை முகம் மலர்ந்து, "நல்லா மூச்சு வாங்குறான் பாரு" என்றாள். எனக்கும் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது, பெஞ்சிலேயே தலை சாய்த்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஓடும் சத்தம். மறுபடி மூச்சு நின்றுவிட்டது, மறுபடி குழாய்.

பெரிய டாக்டர் வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பார். "முழிச்சிருக்கும்போது எல்லாம் நல்லா இருக்கு. இதயம் நல்லா இருக்கு, நுரையீரல் நல்லா இருக்கு. தூங்கினா நிக்குது. இன்னொரு தடவை குழாயை எடுத்துப் பார்ப்போம். அதுவும் தோத்தா கழுத்துல ஓட்டை போட்டுத்தான் மூச்சு விட வைக்கணும். மெஷின்லயே நாள் போகப் போக சளி கட்டும், காய்ச்சல் வரும். அதுக்கு மேல நான் எதுவும் உறுதி சொல்ல முடியாதும்மா."

அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவைதான் என்பது மட்டும் புரிந்தது.

சாயங்காலம் எங்களைப் பார்க்க உள்ளே விட்டபோது டாக்டரும் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். என் தங்கச்சி ஊரிலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தாள், அவளும் பின்னாலேயே நுழைந்துவிட்டாள். டாக்டர் எங்களைப் பார்த்துக் கேட்டார், "வீட்டுல இவர் பக்கத்துல படுக்கிறது யாரு?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னா டாக்டரே, பெத்தவ எதிர்ல கேக்குற கேள்வியா இது?"

"நான்தாங்க" என்றேன் தரையைப் பார்த்து.

"தூக்கத்துல இவருக்கு மூச்சு நிக்குமா?"

"தெரியாதுங்க. நான் தூங்கிடுவேன்."

"ஒரு நாள்கூட முழிச்சுப் பார்த்ததில்லையா?"

"இல்லிங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் கட்டிலில் ஒரு அசைவு. வாயில் குழாய், கையில் ஊசி, நெஞ்சில் ஒயர்கள். அந்த நிலையிலும் பாவா கையைத் தூக்கி என்னைக் காட்டினார். பிறகு வலது காலை மடக்கிப் போர்வைக்குள் விசுக்கென்று ஓர் உதை விட்டார். மறுபடி என்னைக் காட்டினார். மறுபடி ஓர் உதை. பேச முடியாத நேரத்திலும் மனிதர் புகார் கொடுப்பதை விடவில்லை.

"என்ன சொல்றார்?" என்றார் டாக்டர்.

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. பாவா மூன்றாவது முறையும் உதைத்துக் காட்டவும் அத்தையால் தாங்க முடியவில்லை.

"அது ஒண்ணுமில்லிங்க. இவ தூக்கத்துல உதைப்பா. நானும் மந்திரிச்சு, கயிறு கட்டி, மலையில வெள்ளிக்கால் கூட போட்டுட்டேன். உங்க கிட்ட மருந்து எதுனா கீதா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "எப்போ உதைப்பாங்க?"

"அது எனக்கு எப்டிங்க தெரியும்?" என்றேன்.

பின்னாலிருந்து என் தங்கச்சி களுக்கென்று சிரித்தாள். "எனக்குத் தெரியும் சார். சத்தம் நின்னா உதைப்பா. தறி நின்னுச்சுன்னா பொட்டுனு ஒண்ணு வுடுவா, நான்தான் எழுந்து போய் எங்க நைனாவ எழுப்பணும். இவளுக்குக் கல்யாணம் ஆவற வரைக்கும் என் இடுப்பு புண்ணு."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். ஓர் ஆண்பிள்ளை என் காலை அவ்வளவு மரியாதையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெளிநாட்டில் இப்படிச் சிலரைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்ததாகச் சொன்னார். குட்டைக் கழுத்து, பெரிய குறட்டை, தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்ளும், மூச்சுக்குத் திணறி உடம்பே எழுந்துகொள்ளும், மறுபடி மூடும். வலி ஊசியும் மயக்கமும் சேர்ந்தால் அந்த உடம்பு எழுந்துகொள்ள மறந்துவிடும். "வீட்டுல உடம்பு எழுந்துக்கறதுக்கு முன்னாடியே நீங்க எழுப்பிட்டு இருந்திருக்கீங்க" என்றார். அத்தை என் முழங்கையைப் பிடித்தாள். இந்த முறை கிள்ளவில்லை.

மறுநாள் காலை தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வலி ஊசியைக் குறைத்து, குழாயை எடுத்தார்கள். மூச்சு நின்றால் எழுப்பச் சொல்லி என்னைக் கட்டிலருகில் ஸ்டூலில் உட்கார வைத்தார் டாக்டர். தலைமை நர்ஸுக்கு அது பிடிக்கவே இல்லை. பெண்டாட்டிகளை உள்ளே விட்டால் வார்டு சந்தையாகிவிடும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அத்தையைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள்.

பாவா தூங்கினார். குறட்டை ஏறியது. நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சத்தம் நின்றது.

அத்தனை வருஷத்தில் அந்த மௌனத்தை நான் விழித்திருந்து கேட்டது அன்றுதான். நெஞ்சு ஏற முயற்சி செய்கிறது, காற்று போகவில்லை. வாய் திறந்திருக்கிறது, ஒன்றும் வரவில்லை. என் காலைப் பார்த்தேன். அது ஸ்டூலுக்கடியில் சாதுவாக இருந்தது. தூக்கத்தில் அத்தனை கெட்டிக்காரத்தனமாக வேலை செய்த கால், நான் விழித்திருந்தால் மரக்கட்டை. தவிர, டாக்டர் நிற்கிறார், நர்ஸ்கள் நிற்கிறார்கள், கதவில் மாமியார். இத்தனை பேர் எதிரில் புருஷனை எப்படி உதைப்பது?

கதவு படாரென்று திறந்தது. "உதைடி!" என்று அத்தை போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கூடக் கண் விழித்தார். "பாத்துகினு கீறியே! உதைடின்னா!"

எழுந்து, புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டு, கட்டில் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த பாவாவின் உள்ளங்காலில் ஒன்று வைத்தேன். ஹக் என்று மூச்சு உள்ளே போயிற்று. பாவா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெறுப்பு.

"இன்னாமே, இங்கயும் வந்துட்டியா?"

தலைமை நர்ஸ் திரும்பிக்கொண்டு சிரித்தாள். நான் அழுதேன்.

அதற்குப் பிறகு நர்ஸ்கள் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். உதைக்கவில்லை, படித்தவர்கள் அல்லவா, தோளைத் தட்டினார்கள். என் முறை வந்தால் நான் உள்ளங்காலைத் தட்டுவேன். வலி ஊசி தேவைப்படாத நாள் வந்ததும் அவருடைய உடம்பே எழுந்துகொள்ளக் கற்றுக்கொண்டது. கழுத்தில் ஓட்டை போடாமலே வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

எல்லாரும் கதை இதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். அத்தை தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம், "எம்மருமவ உதைச்சே காப்பாத்துனா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்குத் துண்டு வாங்க வருகிறவர்கள் என் காலை எட்டிப் பார்த்தார்கள். நான்தான் செத்துக்கொண்டிருந்தேன். என்னால் தூங்க முடியவில்லை. பாவா படுப்பார், குறட்டை விடுவார், நிறுத்துவார். நான் விழித்துக்கொண்டே படுத்திருந்து கையால் தட்டுவேன். நானும் தூங்கிவிட்டால் கால் தானாக வருமா? ஆஸ்பத்திரியில் வரவில்லையே. எதற்கு உதைக்கிறோம் என்று தெரியாதவரைக்கும் வேலை செய்த கால், தெரிந்துகொண்ட பிறகு பயந்து போயிருந்தால்? அந்தப் பயத்தில் எனக்குக் கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்தது. இப்போது கடையில் உட்கார்ந்து தூங்கி வழிவது நானாகிவிட்டேன்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் பாவா பாயை விரித்தார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"படுமே."

"நீங்க தூங்குங்க பாவா. நான் பாத்துகினு இருக்கேன்."

"நீ எப்ப தூங்குவ?"

"தூங்கினா கால் வருமான்னு தெரியல. வராம போனா இன்னா பண்றது?"

பாவா எழுந்து உட்கார்ந்தார். குடும்பத்திலேயே கிடையாது என்று டாக்டரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன அதே மனிதர், "ரொம்ப குறட்டை வுடுறேனாமே?" என்று கேட்டார்.

"ஆங்."

"அப்போ உனக்குத் தாலாட்டு இருக்குல்ல. படு."

படுத்தேன். அவர் என் வலது காலை இரண்டு கையாலும் எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். புருஷன் பெண்டாட்டி காலைத் தொடுவதா என்று பதறிப்போய் இழுத்தேன். "விடுங்க பாவா, அத்த பாத்தா இன்னா நினைப்பாங்க" என்றேன்.

"பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஒருக்களித்துப் படுத்தார். சொல்லி வாய் மூடவில்லை, குறட்டை ஆரம்பித்துவிட்டது. அம்மையார்குப்பத்து முன்கூடத்தில் படுத்திருப்பது போலிருந்தது எனக்கு. எப்போது கண்ணை மூடினேன் என்று தெரியாது.

எழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பாவா பாயில் உட்கார்ந்து, முழங்காலை ஊதி ஊதித் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் மிரண்டுபோய் அவரைப் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பாக, "வந்துச்சுமே" என்றார்.